வெளுத்துப் போச்சு என்று சொன்னேன்

ஏப்ரல் 9

கடல் முழுக்க வெந்நீர். மிகையில்லை. காலையில் இறங்கியதும் யாரோ எனக்குக் குளிக்க விளாவி வைத்த மாதிரி இருந்தது.

ஆழமில்லாத அந்த ஓரத்தில்தான் என் நாற்றங்கால்: இரும்பு மேசைகள், அவற்றின் மேல் கட்டிய பவளக் கிளைகள். புயலில் ஒடிந்து கிடந்த துண்டுகளைப் பொறுக்கி வந்து மூன்று வருஷமாக வளர்க்கிறேன். சுண்டுவிரல் அளவில் வந்ததெல்லாம் இப்போது உள்ளங்கை அளவு. அடுத்து, பக்கத்தில் தானாக வளர்ந்து நிற்கும் பெரிய பவளப் பாறையில் நட வேண்டும். மனுஷப் பிள்ளையாக இருந்தால் இந்நேரம் எதிர்த்தாவது பேசியிருக்கும் என்கிறாள் அக்கா. இதுகள் பேசாது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

சூட்டைப் பற்றி எங்கள் கடல் ஆராய்ச்சி நிலைய இயக்குநரிடம் சொன்னேன். "மின்னஞ்சல் போடுங்க" என்றார். பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஏப்ரல் 16

கிளைகளின் நுனி வெளிறத் தொடங்கிவிட்டது. பெரிய பாறையில் பாதிக்கு மேல் வெள்ளை.

நான் குடியிருப்பது அக்கா வீட்டு மாடி. அதனால் சாப்பாடும் கீழே அவர்களோடு, அத்தானின் பேச்சும் அதோடு இலவசம். அத்தான் கண்ணாடித் தரை போட்ட படகு ஓட்டுகிறார். பயணிகள் குனிந்து கடலடியைப் பார்ப்பார்கள். "பவளமெல்லாம் வெளுத்துப் போச்சு அத்தான்" என்றேன். சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தேன்.

"அப்படியா! நல்லதாப் போச்சு" என்றார், முகமெல்லாம் பல்லாக.

படகுச் சட்டையை மூன்று தரம் அலசாமல் போடாத மனுஷனிடம் போய்ச் சொன்னேன் பார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து மேலே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 18

படகுத்துறையில் அத்தான் வச்ச புதுப் பலகை! 'பளிச்சென்ற வெள்ளைப் பவளத் தோட்டம். சில நாட்கள் மட்டுமே.' கூட்டம் நெரியுது. பலகையில கடைசி வரி மட்டும்தான் உண்மை. அதைப் படிச்சதும்தான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு. வரிசையில நின்ன எல்லாரும் பார்க்கக் கத்தினேன்.

"அத்தான், அது சுத்தமாகி வெளுக்கல! காய்ச்சல் மாதிரி. பவளத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. வெயிலை வச்சு அதுதான் இதுக்குச் சமைச்சுப் போடுது. இப்ப சூடு தாங்காம சமையல்காரனை வெளிய துரத்திட்டு, இது பட்டினி கிடக்குது."

"செத்துருச்சா?"

"இன்னும் இல்ல. தண்ணி சீக்கிரம் ஆறினா பிழைக்கும்."

தலையைச் சொறிந்தார். "அன்னைக்கே இப்படிச் சொல்ல வேண்டியதுதானே? வெளுத்துப் போச்சுன்னா நான் துணின்னுதான் நினைப்பேன்."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் இன்னும் எரிச்சல். எங்கள் அறிக்கை முழுக்க 'வெளுத்தல், வெளுத்தல்' என்றுதான் எழுதி வைத்திருக்கிறோம். படிப்பவர்கள் எங்களைப் பாராட்டாமல் இருந்தால் சரி.

பலகையைக் கழற்றினாரா? மூச்!

ஏப்ரல் 21

மேசைகளை ஆழத்துக்கு மாற்றினால் தப்பிக்கும். பெரிய பாறைக்கு அந்தப்புறச் சரிவில் தண்ணீர் குளிர்ச்சிதான், இறங்கிப் பார்த்துவிட்டேன். இதுகளும் போய்விட்டால் திரும்ப நடுவதற்கு என்னிடம் ஒரு கிளை கிடையாது.

படகுக்கு எங்கே போவது? நிலையப் படகின் எஞ்சின் பிரித்துப் போட்டபடி கிடக்கிறது. இயக்குநர் மின்னஞ்சல் போட்டிருக்கிறாராம். எஞ்சினுக்குப் படிக்கத் தெரியாதே.

வெட்கத்தை விட்டு அத்தானிடம் கேட்டேன். "சீசன்ல படகா? விளையாடுறியா? அந்த இரும்பு கண்ணாடியில பட்டா என் பொழைப்பே போச்சு."

அக்கா என் தட்டில் சாப்பாடு வைத்தாள். அவர் தட்டில் வைக்கவில்லை.

ஏப்ரல் 22

இரண்டாவது மேசை முழுக்க வெள்ளை. எனக்குப் பயமா இருக்கு.

ஏப்ரல் 23

காலையில் கதவு தட்டும் சத்தம். அத்தான். "கிளம்பு டாக்டரம்மா. படகு ரெடி."

என்ன திடீரென்று? போகிற வழியில் அவரே சொன்னார். நேற்று ஒரு பயணி கண்ணாடியில் குனிந்து, ஆகா என்ன அழகு, என்ன அழகு என்று உருகினாராம். "பட்டினி கிடக்கிறவளைப் பார்த்து, எவ்வளவு ஒல்லியா அழகா இருக்கான்னு சொல்ற மாதிரி இருந்துச்சு." துறையில் பலகையைக் காணவில்லை.

கிளைகள் வெயிலில் காயக்கூடாது. அதனால் ஒவ்வொரு மேசையாகப் படகுக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீருக்குள்ளேயே கொண்டு போனோம். தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டு நடப்பது போல ஓட்டினார். கடைசி மேசையின்போது ஒரு அலை தூக்கியது. டக். கண்ணாடியில் மூலைக்கு மூலை கீறல்.

தண்ணீருக்கு மேலே தலையை நீட்டினேன். கீறலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேசைக்கு ஒண்ணும் ஆகலையே?"

அவ்வளவுதான், அழுதுட்டேன். முகமூடிக்குள்ள அழுதா துடைக்க வழியே இல்ல. இந்த வேலையில அது ஒரு பெரிய குறை.

மே 12

புதுக் கண்ணாடி இந்த சீசனுக்குள் வராதாம். அத்தான் வீட்டோடு. பொழுது போகாமல் அக்காவின் சமையலறையை ஒழுங்குபடுத்துகிறார். "உன் பவளத்தைக் காப்பாத்தினது சரி, என்னை யாரு காப்பாத்துறது?" என்று காதில் ஓதினாள் அக்கா.

ஜூன் 30

தண்ணீர் ஆறிவிட்டது. பெரிய பாறைக்கு அது லேட். போயிடுச்சு. கண்ணுக்கு எட்டின வரைக்கும் செத்துப்போய், வேற ஏதோ பாசி போர்த்திக் கிடக்கு. நான் கடலில் இறங்கக் கற்றுக்கொண்டதே அங்கேதான். என்ன எழுதுறது? வலிக்குது.

ஆழத்தில் இரண்டாவது மேசையும் போச்சு. ஆனால் மற்ற மேசைகளில் நிறம் திரும்பியிருக்கிறது! இளம் தேன் நிறம். தடவிப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

"பிழைச்சிருச்சு அத்தான்" என்றேன். இந்தத் தடவை விளக்கம் தேவைப்படவில்லை. வாசலில் போய்க் கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அக்டோபர் 4

நடத் தொடங்கிவிட்டோம். செத்த பாறையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பசை வைத்து, கிளை கிளையாக. மதியம் தலைக்கு மேல் நிழல் விழுந்தது. அண்ணாந்தால் அத்தானின் படகு. புதுக் கண்ணாடி நிறைய முகங்கள், அத்தனையும் ஏமாந்த முகங்கள். பாவம், வேறென்ன செய்வார்கள்? கீழே மொட்டைப் பாறை, நாலைந்து கிளை, பக்கத்தில் நான். அத்தான் மட்டும் கண்ணாடியில் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்கவில்லை.

படகில் கூடப் போயிருந்த அக்கா மாலையில் சொன்னாள். "இவ்வளவுதானா?" என்று ஒருவர் சலித்துக்கொண்டாராம்.

"இவ்வளவுதாங்க மிச்சம்," என்றாராம் அத்தான். "கொஞ்சம் சத்தம் போடாம பாருங்க. இப்பதான் நட்டிருக்கோம்."

நட்டிருக்கோமாம்! நீச்சலே தெரியாத மனுஷன்.