துவக்கு யார் பெயரில்

ஆறாங்கட்டைக் கடை,
பசறைப் பாதை, பதுளை.
1916 செப்டம்பர் 12, செவ்வாய்.

அல்லாஹ்வின் காவலில் என்றும் இருக்க வேண்டிய தம்பி மஹ்ரூபுக்கு, காக்கா அலவி ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது.

நானும் உன் மதினி ஜெஸீமாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். குறை இல்லாமல் இல்லை. கடிதத்தின் முதல் வரியிலேயே குறை சொன்னால் வாசிக்கிறவனுக்குச் சோறு இறங்காது என்று வாப்பா சொல்லுவார். அதனால் ஒரு வரி தள்ளிச் சொல்கிறேன்.

மழை விடவில்லை. எரிந்துபோன கூரைக்குப் பதிலாகப் போட்ட தகரம் மூன்று இடத்தில் ஒழுகுகிறது. ஜெஸீமாவுக்கு இருமல். எனக்கு முழங்கால். படியேறிச் சாமான் எடுக்கச் சோம்பலாக இருப்பதால் மேல் தட்டில் உள்ள எதையும் கேட்பவர்களிடம் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். கடை நடத்துகிற அழகு இப்படி.

இது நான் உனக்கு எழுதும் ஐந்தாவது கடிதம். உன் பதில்களை எண்ண விரல் தேவையில்லை. போன பெருநாளைக்கு உன் பெண்சாதி ஹம்ஸியாதான் நாலு வரி எழுதியிருந்தாள். இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களை உள்ளே கூப்பிடுகிறாய் என்றும், மழை நாளில் இடது கை வலிக்கிறது என்றும் எழுதியிருந்தாள். சட்டைத் துணியைக் கண்ணால் பார்த்தே அளவு சொன்னவன் வாசலில் நின்று ஆள் கூப்பிடுகிறான் என்று வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன், கடையில் ஆள் இருக்கும்போதே வந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வாப்பா விட்டுப்போன வேட்டைத் துவக்கைப் பற்றி நீ ஒரு முடிவு சொல்ல வேண்டும்.

அரசாங்கம் துவக்குக்குப் புதுச் சட்டம் கொண்டுவரப் போகிறதாம். போன வருஷக் கலகத்துக்குப் பிறகு எல்லோருக்கும் பயம். எங்களைப் பார்த்துச் சிங்களவர்களுக்கு, அவர்களைப் பார்த்து எங்களுக்கு, எல்லோரையும் பார்த்து துரைமார்களுக்கு. இதுவரை இருந்த சீட்டெல்லாம் போதாதாம். ஒவ்வொரு துவக்குக்கும் ஒரு இலக்கம் குத்துவார்களாம். ஒரு ஆளின் பெயரில் பதிவார்களாம். அந்த ஆள் நல்லவன் என்று ஊர்த் தலைவர் ஆராச்சி எழுதிக் கொடுக்க வேண்டும். பெயருக்குரியவன் தவிர வேறு யார் கையிலாவது இருந்தால் துவக்கும் போகும், ஆளும் போவான். இரவல் என்ற பேச்சே கிடையாது.

சட்டம் வருமுன் சனங்களின் கருத்தைக் கேட்க வேண்டுமென்று பதுளை அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஒரு உதவித் துரை போன சனிக்கிழமை இங்கே வந்தார். சந்தைக் கொட்டகையில் மேசை போட்டு, பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒரு எழுதுவினைஞர். ஊரே கூடிவிட்டது. கருத்துக் கேட்க ஒருவர் வந்தால் நம் ஆட்களுக்கு எங்கிருந்துதான் இத்தனை கருத்து வருமோ தெரியவில்லை.

முதலில் மேல் தோட்டத்துத் துரை எழுந்தார். கூலியாட்கள் பக்கத்தில் துவக்கே போகக் கூடாது என்றார். அவர் வீட்டில் ஐந்து துவக்கு இருக்கிறது. பிறகு பதுளை ஜவுளிக்கடை சண்முகராஜா, கடைக்காரன் ஒவ்வொருவனுக்கும் ஒரு துவக்கு கட்டாயம் கொடுக்க வேண்டும், போன வருஷம் பட்டது போதும் என்றார். நம் ஆட்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், தட்டாவிட்டால் பார்ப்பார்கள். பிறகு காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்யும் நம் பக்கத்துச் சிங்களவன் புஞ்சிபண்டா எழுந்தான். மூன்று இடத்துக்கும் சேர்த்து ஒரே துவக்குத்தான் இருக்கிறது, இரவல் கூடாதென்றால் என் குரக்கன் கதிரைப் பன்றி தின்னும், நான் எதைத் தின்பது என்று கேட்டான். துரை சிரித்தார். பண்டா சிரிக்கவில்லை.

அவன் சொன்னது சரிதான். வாப்பா போட்ட முறை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு, திங்கள் தோட்டத்துக் கங்காணி சின்னராசாவிடம், லயத்துக் கூலியாட்களின் மரக்கறித் துண்டுகளைக் காக்க. வெள்ளி, சனி பண்டாவின் சேனைக்கு. நடுவில் மூன்று நாள் நம் கடையில். எது விழுந்தாலும் ஒரு தொடை துவக்குக்காரனுக்கு. பன்றி நமக்கு ஆகாதென்று சின்னராசா அதற்குப் பதிலாகப் பூசணிக்காய் அனுப்புவான். பண்டா மரைமான் சுடப் போனால் நீ கத்தியோடு பின்னாலேயே ஓடுவாய், உயிர் போகுமுன் பிஸ்மி சொல்லி அறுக்க வேண்டுமே என்று. ஒரு தடவை நீ ஓடிச் சேருமுன் மரை எழுந்து உன்னைத் துரத்தியது. பண்டா அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறான்.

ஆகையால் தம்பி, பெயர் எழுதிக் கொடுக்க அச்சடித்த பாரம் ஒன்று தந்திருக்கிறார்கள். சட்டம் வருமுன்னே பட்டியல் எடுக்கிறார்களாம். ஒக்டோபர் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். உன் பெயரில் போடவா, என் பெயரில் போடவா, அல்லது துவக்கே வேண்டாமென்று கச்சேரியில் ஒப்படைத்துவிடவா? நீதான் நம் வீட்டில் குறி தவறாதவன். உன் முடிவுதான் என் முடிவு. இரண்டு வரி எழுது.

புதன், காலை.

நேற்று இத்தோடு கையெழுத்துப் போட்டு ஒட்டத்தான் இருந்தேன். ஜெஸீமா வாசித்துக் காட்டச் சொன்னாள். கடைசி வரை கேட்டுவிட்டு, "இவ்வளவு எழுதினீங்க, எழுத வேண்டியத எழுதல்லயே. சண்முகராஜா மொதலாளி வாயால ஒங்கட தம்பி கேக்குறதுக்கு முந்தி, நீங்களே சொல்லிடுங்க" என்றாள். பிறகு இருமிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை நடந்ததில் பாதியைத்தான் எழுதினேன். மீதி இது.

பண்டா உட்கார்ந்த பிறகு உதவித் துரை ஒரு கேள்வி கேட்டார். இப்படிக் கைக்குக் கை மாறுகிற துவக்கு போன வருஷக் கலகத்தன்று யார் கையில் இருந்தது என்று யாராவது சொல்ல முடியுமா என்றார். சின்னராசா எழுந்தான். உனக்குத் தெரியும், அவன் துரைமார் முன்னால் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவான். எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்: "அந்தப் புதன்கெழம எங்க மொறையே இல்லீங்க தொரை. எங்க கடை மொதலாளி அவரே சாக்குல சுத்தி, தேயிலைக்குள்ளாற நடந்து வந்து எங்கிட்ட குடுத்துட்டுப் போனாருங்க. பன்னி வருதாமே, வச்சிக்கன்னாரு. ஒரு வாரம் எங்க லயத்துல பத்திரமா இருந்துச்சுங்க. அப்பேர்ப்பட்ட மனுசனுங்க அவரு."

எழுதுவினைஞர் அதை எழுதிக்கொண்டார். கொட்டகையில் இருந்த நம் ஆட்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சண்முகராஜாவும் பார்த்தார். அவர் அடுத்த வாரம் சரக்கெடுக்கக் கொழும்புக்கு வருகிறார், உன் தெருவுக்குத்தான்.

ஆமாம் மஹ்ரூப். நீ இல்லாத நேரத்தில் கங்காணி வந்து துவக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று அன்றைக்கு உன்னிடம் சொன்னது பொய். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பதுளைப் பக்கமிருந்து கூட்டம் வருகிறது என்ற செய்தி லுஹர் தொழுகைக்குப் பிறகு வந்தது. நீ மச்சில் ஏறித் துவக்கை எடுத்து வெடிமருந்து கிட்டித்துக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாய். உன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை மரை சுடும்போதுகூட நான் கண்டதில்லை. பெண்களைப் பண்டாவின் வீட்டில் விட்டு வரச் சொல்லி உன்னை அனுப்பினேன். நீ திரும்பி வர அரை மணி நேரமாவது ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்துக்குள் குறுக்குப் பாதையால் லயத்துக்குப் போய் வந்துவிட்டேன். இந்த முழங்காலோடு நான் எப்படி அவ்வளவு வேகமாக நடந்தேன் என்று இன்றைக்கும் புரியவில்லை.

நீ சுடுவாய் என்று பயந்தேன். அந்தத் துவக்கில் ஒரு வெடிதான். நீ குறி தவற மாட்டாய். ஒருவன் விழுவான். மறுபடி மருந்து கிட்டிப்பதற்குள் மிச்சம் அறுபது பேரும் உன்னை என்ன செய்திருப்பார்கள்? அதில் தப்பினாலும் பிறகு பட்டாளம் வந்தது, விசாரணை வந்தது. என் தம்பியைத் தூக்குமரத்தில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆனால் உன்னிடம் நேரே சொல்லித் தடுக்கவும் தைரியம் இல்லை. சொல்லியிருந்தால் நீ என்னைத் தள்ளிவிட்டு எடுத்திருப்பாய். பொய் சுலபமாக இருந்தது.

அதன் பிறகு நடந்ததை நீ அனுபவித்தாய், நான் பார்த்தேன். துணி அளக்கிற கஜக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு நீ வாசலில் நின்றாய். அதைப் பிடுங்கி அதனாலேயே அடித்தார்கள். உன் கையை ஒடித்துவிட்டுக் கடையைக் கொளுத்தினார்கள். பண்டா என்னைத் தேயிலைக்குள் இழுத்துப் போட்டு மேலே படுத்துக்கொண்டான். எனக்கு ஒரு கீறல் இல்லை. அதுதான் என்னைத் தின்கிறது.

மாவுக்கட்டோடு கிடந்தபோது நீ சொன்னாய், "காக்கா, ஒங்கட கங்காணிக்குத் துவக்கு, ஒங்கட தம்பிக்குக் கஜக்கோல்" என்று. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ கொழும்புக்கு வண்டி ஏறின நாளில் சின்னராசா வழியில் நின்று கும்பிட்டான். நீ அவன் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனாய். அவன் என்னிடம் வந்து, "தம்பிக்கு எம்மேல என்னாங்க கோவம்?" என்று கேட்டான். வலியில் இருக்கிறான், விடு என்றேன். பதினைந்து மாதமாகியும் அவனுக்குக் காரணம் தெரியாது. இந்தச் சனிக்கிழமைகூட எனக்காகத்தான் எழுந்து நின்றான்.

இதையும் எழுதிவிடுகிறேன். துவக்கு இருந்திருந்தால் நீ வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்திருக்கலாம். அவர்கள் கலைந்து ஓடியிருக்கலாம். உன் கை நன்றாயிருந்திருக்கலாம், கடையும் நின்றிருக்கலாம். அதுவும் நடந்திருக்கக் கூடியதுதான். கொட்டகையில் ஆளாளுக்கு, துவக்கு இருந்தால் இப்படி, இல்லாவிட்டால் அப்படி என்று அடித்துப் பேசியபோது எனக்கு மட்டும் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. எது சரி என்று நான் ஒவ்வொரு நாளும் நினைத்துப் பார்த்துக் களைத்துவிட்டேன். நீ உயிரோடு இருக்கிறாய், என்னிடம் பேசுவதில்லை. இரண்டும்தான் எனக்குத் தெரிந்தது.

பாரத்தில் பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருக்கிறது. உன் பெயரை எழுதினால் நீ நேரில் வந்து எழுதுவினைஞர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஒப்படைப்பதென்றாலும் வா. கடிதத்தில் எழுத முடியாத கோபம் உனக்கு இருந்தால் அதைச் சொல்லவாவது வா. இந்தத் தடவை நான் குறுக்குப் பாதையால் எங்கும் போக மாட்டேன். பண்டாரவளையில் ரயிலை விட்டு இறங்கினால் தபால் வண்டிக்காரனிடம் நான் சொல்லி வைக்கிறேன்.

ஹம்ஸியாவுக்கு என் ஸலாம். உன் கையின் வலியையும் உன் மனதின் வலியையும் ரப்பு லேசாக்கி வைப்பானாக. ஐந்து நேரமும் இதைத்தான் கேட்கிறேன்.

வண்டி ஆறாங்கட்டைக்கு வருமுன் சின்னராசாவின் லயத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். அங்கே இறங்கி அவனிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வா தம்பி. பிறகு என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.

உன் காக்கா,
அலவி