தொற்றாத புண்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்கள் எழுவதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவேன். என் மூக்கோரக் கட்டியை இன்று வெட்டி எடுக்கிறார்கள். சமைத்து மூடி வைத்திருக்கிறேன், சூடாக்கிக்கொள்ளுங்கள். பத்து மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார்.

போன வாரம் டாக்டர் விளக்கியபோது நீங்கள் வெளியே போனும் கையுமாக இருந்தீர்கள். அதனால் எழுதுகிறேன். தோல் புற்றுநோயிலேயே இதுதான் ரொம்ப சாதாரண வகையாம். மெதுவாக வளரும், உடம்பில் வேறு இடத்துக்குப் பரவுவது அபூர்வம். முழுசாக எடுத்துவிட்டால் அநேகமாகச் சரியாகிவிடும். இருபது வருஷம் பள்ளி மைதானத்தில் விசிலோடு வெயிலில் நின்றதற்குக் கிடைத்தது.

"இது தொத்துமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"யாரும்மா அப்படிச் சொன்னது?" என்று சிரித்தார். உங்களை நான் காட்டிக்கொடுக்கவில்லை.

என் துண்டில் ரத்தக்கறையைப் பார்த்த அன்றே என் தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்கினீர்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். "அம்மாகிட்ட போகாதே, அழுக்குப் புண்ணு" என்று ஐந்து வயதுக் குழந்தையிடம் சொன்னீர்களே, அதை எப்படிப் பொறுப்பது? எட்டு மாதமாக அவள் என்னைத் தள்ளி நின்றுதான் பார்க்கிறாள்.

என் தங்கை துணைக்கு வருகிறாள். நீங்கள் வர வேண்டாம். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

பி.கு: நான் திரும்புவதற்குள் பாப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அப்பா சொன்னது தப்பு என்று. நேற்று நான் சொல்லிப் பார்த்தேன். "அப்பாகிட்ட கேட்டுட்டு வரேன்" என்று உங்கள் அறைக்கு ஓடினாள். என்ன சொன்னீர்களோ, திரும்பி வரவே இல்லை.