ஓலை வாசிக்காத கலியாணம்

உங்கள் மகள் நேற்று மாலை வடக்குத்து வீட்டிலிருந்து வந்து, சுருட்டிய சார்ட் தாள் ஒன்றை என் மேசைமீது வைத்துவிட்டுப் போனாள். ரப்பர் வளையத்தைக் கழற்றியதும் அந்துருண்டை வாசனை எழுந்தது. காடாம்புலியூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பழைய ஏடுகள் இருந்த அலமாரியைத் திறந்தபோது நம் இருவர் முகத்திலும் அடித்த அதே வாசனை. நீங்கள் மறைந்த எட்டாவது மாதத்தில், உங்கள் குடும்ப வரைபடத்தை எதிரே விரித்துவைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

“கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் வராங்க அங்கிள். நீங்க ஒரு படி எழுதிக் குடுத்தீங்கன்னா வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுவேன். அப்பா கையெழுத்து அப்பாவுக்கே புரியாது” என்றாள். மறுக்க எனக்கு உரிமையில்லை. அந்தத் தாள் ஒருமுறை பாதியில் நின்றுபோனதற்கு நான்தான் பொறுப்பாளி.

நாற்பது ஆண்டுகள் நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட் பார்த்து ஓய்வுபெற்றதும் நீங்கள் தொடங்கிய வேலை அது. பேரப்பிள்ளைகளுக்காக என்று எல்லோரிடமும் சொன்னீர்கள். மந்தாரக்குப்பத்தில் என் வக்கீல் அலுவலகத்துக்கு மாலைத் தேநீருக்கு வந்த ஒரு நாள், என்னிடம் மட்டும் வேறு காரணம் சொன்னீர்கள். உங்கள் தாத்தாவும் பாட்டியும் எப்போது மணமுடித்தார்கள் என்று சிறுவயதில் கேட்டதற்கு, உங்கள் தந்தை “பேரு போதும், தேதி வாணாம்” என்று எழுந்து போய்விட்டாராம்.

“சாகற வரைக்கும் அந்தப் பேச்ச எடுத்தா எழுந்துகினு போயிடுவாரு சார். எங்க அப்பாரு எதுக்கு ஓடுனாருன்னு எனக்குத் தெரியணும்.”

ஒரு சனிக்கிழமை அந்தக் கோயிலுக்குப் பஸ் பிடித்துப் போனோம். அலுவலகத்தைக் கவனித்துக்கொண்ட செல்வமேரி அம்மாள், போட்டோ எடுக்கக் கூடாது, கையால் எழுதிக்கொள்ளலாம் என்றார். திருமண ஏட்டின் பக்கம் மிக அகலமானது, வரிகள் நெருக்கமானவை. கண் வரி மாறிவிடக் கூடாதென்று, உங்கள் தாத்தாவின் பெயர் இருந்த வரிக்கு மேலே ஒரு வெள்ளைத் தாளும் கீழே ஒரு வெள்ளைத் தாளும் வைத்து மறைத்துக்கொண்டேன். நீதிமன்ற ஏடுகளில் நான் பழகிய முறை அது. வேண்டிய பதிவை மட்டும் பிழையின்றி எடுப்பது. மற்றவை நமக்குத் தொடர்பற்றவை.

அந்த வரியை மூன்று முறை சரிபார்த்தேன். பெயர்கள் சரி. சாட்சிகள் இருவர். ஓலை வாசித்த நாள்களுக்கான மூன்று கட்டங்களும் காலி. மணமக்களின் பெயரை மூன்று ஞாயிறு பூசையில் அறிவித்து, தடை உண்டா என்று ஊரைக் கேட்பதுதான் ஓலை வாசிப்பது என்று நீங்களே எனக்கு விளக்கியிருந்தீர்கள். அடுத்து, நீங்கள் கொண்டுவந்திருந்த உங்கள் தந்தையின் பணிப்பதிவேட்டில் இருந்த பிறந்த தேதியோடு மணநாளை ஒப்பிட்டேன்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது, “சுத்தி வளைக்காம சொல்லுங்க வக்கீல் சார்” என்றீர்கள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. ஆவணத்தின்படி உங்கள் தந்தை அந்தத் திருமணத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே பிறந்தவர் என்றேன். ஓலை வாசிக்காமல் அவசரமாகச் செய்த திருமணமாகத் தெரிகிறது என்றும் சேர்த்துக்கொண்டேன். அந்தச் சேர்க்கையை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆர்ச் கேட் நிறுத்தத்தில் இறங்கும்போது, “அதான் ஓடியிருக்காரு” என்றீர்கள்.

இரண்டு மாதங்கள் நீங்கள் தேநீருக்கு வரவில்லை. சந்தையில் உங்கள் மனைவியைப் பார்த்தேன். “என்னாண்ணே சொன்னீங்க அவருகிட்ட? சார்ட்ட சுருட்டி பீரோ மேல போட்டுட்டாரு. கோயில்லகூட கடைசி பெஞ்சுல குந்திகினு, பூசை முடியறதுக்குள்ள எழுந்து வந்துடறாரு” என்றார்.

மறுநாளே தனியாகப் போனேன். இம்முறை வெள்ளைத் தாள்களைப் பையிலேயே வைத்துவிட்டேன். பக்கம் முழுவதும் கண்ணில் பட்டது. ஒரே தேதியில் ஏழு திருமணங்கள். ஏழுக்கும் கோயில் ஊழியர்களான உபதேசியாரும் கோயில்பிள்ளையுமே சாட்சிகள். ஏழிலும் ஓலைக் கட்டங்கள் காலி. ஏழு அவசரங்கள் ஒரே நாளில் வருமா என்று யோசித்து, ஞானஸ்நான ஏட்டைக் கேட்டேன். “இத அன்னைக்கே கேட்டிருக்கலாமே சார்” என்றார் செல்வமேரி அம்மாள்.

அதே நாளின் காலைப் பதிவுகள் அதில் இருந்தன. அதே ஏழு குடும்பங்கள் ஒன்றாக ஞானஸ்நானம் பெற்றிருந்தன. உங்கள் தாத்தா, அவருக்கு அடுத்து, ‘மேற்படியாரின் மனைவி’ என்று உங்கள் பாட்டி, அடுத்து, ‘மேற்படியாரின் மகன், வயது இரண்டு’ என்று உங்கள் தந்தை. மாலையில் பதிந்த திருமணத்துக்கு முன்பே, காலை ஏட்டில் அவர் மனைவி. ஊர்வழக்கப்படி எப்போதோ மணமுடித்து வாழ்ந்தவர்களைத்தான் அன்றைய பங்குச் சாமியார் ஆசீர்வதித்து, புதிய மதத்தின் ஏட்டிலும் எழுதிவைத்திருக்கிறார். ஏற்கெனவே மணமானவர்களுக்கு ஓலை வாசிக்க என்ன இருக்கிறது?

நான் நேரே வடக்குத்துக்கு வந்தபோது நீங்கள் புது வீட்டுக் கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தீர்கள். ஒரே வரியைப் பார்த்து நான் சொன்னது தவறு என்றேன். நீங்கள் திரும்பாமலே, “மைன்ஸ்ல ஒரு அடி தோண்டிட்டு கரி இல்லன்னு சொல்ற ஆளுங்களப் பாத்திருக்கேன். நீங்க தாள வச்சு மறைச்சுகினு அவசரக் கலியாணம்னீங்க” என்றீர்கள். பிறகு முழுவதையும் கேட்டீர்கள். பிரஷ் கையிலேயே நின்றது. திடீரென்று சிரித்தீர்கள்.

“அப்போ எங்க அப்பாரு, அவங்க அப்பா அம்மா கலியாணத்துக்கே கையப் புடிச்சுகினு போயிருக்காரு!”

உள்ளேயிருந்து உங்கள் மனைவி ஓடிவரும் அளவுக்குச் சிரித்தீர்கள். அது அடங்கியதும் குரல் இறங்கியது. “அவரும் எப்பவோ போயி அந்த ஒரு வரிய மட்டுந்தான் பாத்திருப்பாரு, இல்ல?”

அதற்கு ஆதாரம் இல்லை என்றேன். “எதுக்குத்தான் சார் உங்ககிட்ட ஆதாரம் இருக்குது?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். கன்னத்தில் பச்சை ஒட்டியது.

அன்றே பீரோமேல் இருந்த தாள் இறங்கியது. தாத்தா பெயருக்குக் கீழே எழுதினீர்கள்: ‘முதல் கலியாணம்: தேதி தெரியாது. சாட்சி: ஊர். இரண்டாவது கலியாணம்: கோயிலில். சாட்சி: மூத்த மகன், வயது இரண்டு.’ நான் ஆட்சேபித்தேன். ஏட்டில் சாட்சிகள் வேறு இருவர். தவிர, இரண்டு வயதுக் குழந்தையின் சாட்சியம் எங்கும் செல்லாது.

“இது என் சார்ட்டு சார், உங்க கோர்ட்டு இல்ல. இத்தன வருசம் எழுந்து எழுந்து ஓடுன மனுசன இங்கயாவது உக்கார வைக்கிறேன்.”

அதன்பின் எந்த ஏட்டிலும் நான் வரியை மறைத்துப் படித்ததில்லை. முழுப் பக்கத்தையும் பார்க்காமல் யாரிடமும் எதையும் சொன்னதில்லை. சொல்லும்போதும், எது ஆவணம், எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன். என் கட்சிக்காரர்கள் அதை என் நிதானம் என்கிறார்கள். அது உங்களுடைய இரண்டு மாத மௌனத்தில் கிடைத்தது.

இன்று காலை படியெடுக்க உட்கார்ந்தேன். ஐந்து தலைமுறைப் பெயர்களையும் எழுதி, அந்த வரிக்கு வந்ததும் பேனா நின்றது. உபதேசியார் பெயரும் கோயில்பிள்ளை பெயரும் என் குறிப்பேட்டில் இன்னும் இருக்கின்றன. குறிப்பேட்டை மூடினேன். சாட்சி: மூத்த மகன், வயது இரண்டு. ஓர் எழுத்தும் மாற்றவில்லை. அடியில் ‘உண்மை நகல்’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.