கட்டாமல் விட்ட சிவப்புத் துணி

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை, ஆனால் கடலில் நம் மீன் கூண்டுக்குப் போகப் படகில் ஏறும்போது ஊருக்கே கேட்கிற மாதிரி முனகுகிறார், சாப்பாட்டுக்கு இறங்கும்போது ஒரு சத்தமும் இல்லை. போனில் மீன் எப்படி இருக்கிறது என்று மூன்று தடவை கேட்டாய், மூன்று தடவையும் நன்றாக இருக்கிறது என்றேன். பொய். வாயால் வராததைக் கையால் எழுதுகிறேன், திட்டுவதாக இருந்தால் முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

போன மாதம் வெயில் ஏறிக் கடல் தண்ணீரே சுட்ட வாரத்தில் நம் இரண்டாவது கூண்டுக் கொடுவா மீன்கள் தீனிக்கு வரவில்லை. மறுநாள் காலை ஏழு மீன் செத்து மிதந்தது, துடுப்படியில் ரத்தச் சிவப்பு, விலாவில் புண், கண்ணில் வெள்ளை. மீன் நோய் படிக்கிற நீ படம் காட்டிச் சொல்லிக்கொடுத்த அதே விப்ரியோ பாக்டீரியா நோய்தான் என்று பார்த்ததும் தெரிந்தது. கூண்டில் மீன் செத்தால் அன்றே கம்பத்தில் சிவப்புத் துணி கட்டவேண்டும், அந்தக் கூண்டில் நனைந்த எதையும் இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்று நம் கூண்டுக்காரர் சங்கத்தில் சட்டம் போடவைத்ததே நான்தான். நீ சொன்னதை வைத்து எல்லாருக்கும் பாடம் எடுத்தேன், அவர்களும் டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குத் துணியை எடுத்துக்கொண்டுதான் போனேன். டாக்டரம்மா கூண்டிலேயே நோயா என்று சிரிப்பார்களே என்று நினைத்ததும் கை வரவில்லை, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். செத்ததைக் கரையில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். அப்பா கட்டு கட்டு என்று நச்சரித்தார், நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

அன்று மத்தியானமே பக்கத்துக் கூண்டுக்காரி, போன வருஷம்தான் தனியாகத் தொழிலுக்கு வந்தவள், என் கைவலை கிழிஞ்சுபோச்சு, உங்களோடதைக் குடுங்கக்கா என்று வந்து நின்றாள். காலையில் செத்த மீனை அள்ளிய வலை, ஈரம்கூடக் காயவில்லை. இல்லை என்றால் ஏன் என்பாள், பிளீச்சிங் பவுடரில் முக்கித் தருகிறேன் என்றால் விஷயம் வெளியே வந்துவிடும். கொடுத்துவிட்டேன் கண்ணு. நாலாம் நாள் அவள் கூண்டில் சாவு தொடங்கியது, பத்து நாளில் கூண்டே காலி. நம் கூண்டில் பாதிக்கு மேல் பிழைத்துவிட்டது. அவளோ முதல் மீன் மிதந்த அன்றே துணி கட்டினாள். நோய் வலையில்தான் போனதா, தண்ணீரோடு போனதா என்று நீதான் சொல்லவேண்டும், ஆனால் நான் துணி கட்டியிருந்தால் அவள் சுதாரித்திருப்பாள்.

சங்கக் கூட்டத்தில் அவள்தான் மலிவாக மீன்குஞ்சு வாங்கி நோயைக் கொண்டுவந்தாள் என்று எல்லாரும் பாய்ந்தார்கள். நீங்க என்ன சொல்றீங்க டாக்டரம்மா என்று தலைவர் கேட்டார். புதுக் குஞ்சை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்திருக்கவேண்டும் என்றேன். அது சரியான பேச்சுதான், அதுதான் கேவலம். வருகிற ஞாயிறு மறுபடி கூடி அவள் கூண்டு இடத்தைப் பிடுங்கப்போகிறார்கள்.

நேற்று வலையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, பையில் சுற்றி. வாசலைத் தாண்டி வரவில்லை. என் செருப்புல நோய் இருக்கும்கா, உங்க மீனாவது நல்லா இருக்கட்டும் என்றாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. இன்று காலை அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை, கத்தவில்லை. வலை குடுத்த அன்னைக்கே தெரியுமா என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள். படாரென்று சாத்தியிருந்தால்கூடத் தேவலை, மெதுவாகச் சாத்தினாள்.

ஞாயிறு எல்லார் முன்னாலும் எழுந்து சொல்லப்போகிறேன், இடம் போனால் நம் இடம் போகட்டும். நீ நீண்ட ஆயுளோடு, யார் முன்னாலும் தலைகுனியாமல் இருக்கவேண்டும் என்று வாழ்த்துகிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது கூட்டம் முடிந்திருக்கும். கூட்டத்தில் சொன்னேனா என்று போனில் என்னைக் கேட்காதே, அவளைக் கேள். அவள் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா