அம்புக்குறி அழிந்த கற்கள்

அன்பு மகளே,

நேற்று உன் அறையில் கற்பெட்டியைத் திறந்தபோது இருந்தவர்கள் நான், அப்பா, பெட்டியை எடுத்துப்போக நீ அனுப்பிய டிரைவர். வேறு யாரும் இல்லை.

நீ பூமியைத் துளையிட்டு எடுத்த பாறைத் துண்டுகள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. எந்தப் பக்கம் மேல் என்று மையால் நீ போட்டிருந்த அம்புக்குறி ஒன்றுகூட இல்லை.

"யாரும்மா கழுவினது?" என்றார் டிரைவர்.

நான்தான் என்றேன். கடவுள் மன்னிக்கட்டும்.

"கல்லுக்குத் தலை எது, கால் எது? எப்படிப் படுத்தாலும் தூங்கும்," என்றார் அப்பா. டிரைவர் சிரித்துவிட்டார். பிறகு அப்பா என்னிடம், "இது யார் ரூம்?" என்றார்.

"நம்ம பொண்ணு ரூம்தாங்க."

"ஸ்கூல் விட்டு வந்துட்டாளா?"

டிரைவரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன். அதிலிருந்து பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால்கூட மனம் நிற்பதில்லை. எழுந்துபோய்த் துண்டுகளைத் திருப்பித் திருப்பி வைக்கிறேன். எண்ணிக்கை சரியாக இருக்கிறது, வரிசைதான் தெரியவில்லை. கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது என்று உன் புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஒரே எரிமலை வெடிப்பின் சாம்பல் நீ துளையிட்ட இரண்டு இடங்களிலும் விழுந்ததால், அந்தச் சாம்பல் கோட்டை வைத்துத்தானே இங்குள்ள பாறையையும் அங்குள்ளதையும் ஒரே காலம் என்று பொருத்துகிறாய்? அந்தக் கோடு பத்திரமாக இருக்கிறது. அப்பா அவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

கை தவறி உண்மையை எழுதிவிட்டேன். அந்த வரியை அடித்துவிட மனமில்லை.

போட்டோவில் உன்னை இன்னும் அவருக்கு அடையாளம் தெரிகிறது. எப்போது வருகிறாய்? சீக்கிரம் பதில் போடு.

அம்மா