டிரிப்டோபான் பூஜ்யம்

மார்ச் 4

இன்று லேபில் பதினோரு உணவு மாதிரிகள். நைட்ரஜனை அள, 6.25-ஆல் பெருக்கு, புரதம் இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போடு. பன்னிரண்டு வருஷமாக இதே பிழைப்பு.

மாலையில் அக்கா வீடு. வயிற்று ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகியும் காயம் கூடவில்லை. கட்டு மாற்ற வரும் நர்ஸ், "புரதம் சரியாப் போகுதாம்மா?" என்று அக்காவைக் கேட்டார். நான் முந்திக்கொண்டேன். "எங்க லேப்ல நானே டெஸ்ட் பண்ணின பவுடர் சிஸ்டர். நூத்துக்கு நாப்பது புரதம்." என்ன பெருமை எனக்கு.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்ச் 6

அக்கா வீட்டு ஃபிரிட்ஜில் பவுடர் கரைத்த டம்ளர், விளிம்புவரை. சாய்த்தேன், வழியவில்லை. கொழகொழவென்று உறைந்திருந்தது. பாலில் எடுத்த புரதம் என்றுதானே டப்பாவில் போட்டிருக்கிறது? இப்படி உறைவது ஜெலட்டின் அல்லவா?

மார்ச் 7

புரதம் என்றால் அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. இருபது வகை. அதில் ஒன்பதை உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். முட்டை வெள்ளைக்கருவின் ஆல்புமின் உருண்டை வகை. நீரில் கரையும், ஒன்பதும் அதில் உண்டு. தோலிலும் எலும்பிலும் இருப்பது இழை வகை. அதை வேகவைத்தால் ஜெலட்டின். அதில் கிளைசின் என்ற அமினோ அமிலம் ஏராளம், ஆனால் அந்த ஒன்பதில் ஒன்றான டிரிப்டோபான் கிடையாது. ஒன்று இல்லாவிட்டாலும் உடம்பு புதுச் சதை கட்டத் திணறும்.

என் நைட்ரஜன் கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். அப்படியானால் நான் எதற்குக் கையெழுத்துப் போட்டேன்?

மார்ச் 10

லேபில் மீந்திருந்த பவுடர் மாதிரியை ஒரு நாள் முழுக்க அமிலத்தில் சூடாக்கி, சங்கிலியை அறுத்து, அமினோ அமிலங்களைப் பிரித்துக் காட்டும் கருவியில் ஏற்றினேன். டிரிப்டோபான் — பூஜ்யம்.

என் கையாலேயே வாங்கிக் கொடுத்தேனே.

மார்ச் 11

டாக்டர் சொல்லிவிட்டாராம்: இருபத்தாறாம் தேதிக்குள் காயம் சுருங்க ஆரம்பிக்காவிட்டால் மறுபடி ஆபரேஷன். உடம்பில் இருக்கிற ரத்தத்துக்கு அக்கா இன்னொன்றைத் தாங்குவாளா?

பவுடர் டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். நல்ல கனம். "என்னடி ஆச்சு?" என்றாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மார்ச் 12

லேபில் கருவி அறையைப் பார்த்துக்கொள்ளும் மேடத்துக்கு நாங்கள் வைத்த பெயர் கழுகு. என் தாளை ஒரு தடவைதான் பார்த்தார்.

"எதுல அறுத்தே?"

"ஆசிட்லதான் மேடம்."

"ஆசிட்ல டிரிப்டோபான் தங்குமா? முட்டையை வெச்சாலும் பூஜ்யம்தான் வரும். காரத்துல செய். இன்னொண்ணு, ஜெலட்டினா இருந்தா கிளைசின் மலை மாதிரி நிக்கணுமே, எங்க?"

முதல் வருஷப் பாடம். பயத்தில் அதுகூட மறந்துபோச்சு. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மார்ச் 14

காரத்தில் செய்தேன். டிரிப்டோபான் இருக்கிறது, பால் புரதத்தில் இருக்கவேண்டிய அளவுக்கு. உறைந்தது எதனால்? லேபில் இருந்த மாதிரி டப்பாவில் கடைசி வரி, பொடி எழுத்து: கெட்டிப்படுத்தும் பசை.

பவுடர் நல்லதுதான். அப்போ காயம் ஏன் ஆறவில்லை? நேற்றுவரை திட்டுவதற்கு ஒரு டப்பாவாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. பன்னிரண்டு நாள்தான் இருக்கு.

மார்ச் 15

அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அழுகையே வந்துவிட்டது. அவள் போர்வை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"நான் அதைக் குடிக்கவே இல்லடி. வாடையே குமட்டுது. நீ போனதும் சிங்க்ல ஊத்திடுவேன்."

"ஏன் சொல்லல?"

"வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் நீ டெஸ்ட் பண்ணினதுன்னு சொல்லிக்கிட்டிருந்தே. எப்படிச் சொல்றது?"

விளிம்புவரை இருந்த டம்ளர். கனத்த டப்பா. இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்தவள் நான்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தேன். ஏன் குறையவில்லை என்று கேட்கவில்லை.

"வேற என்னதான் இறங்கும் உனக்கு?"

"முட்டை. யாரு கேட்டீங்க?"

மார்ச் 26

நர்ஸ் காயத்தை அளந்தார். ஒரு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. டாக்டருக்குப் போன் செய்தார். ஆபரேஷன் வேண்டாமாம்.

அக்கா இரண்டாவது முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். அதில் எத்தனை அமினோ அமிலம் என்று நான் ஆரம்பிக்கவில்லை. தட்டு காலியாகும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.