மூன்று பேருக்கு ஒரு பார்சல்

19 ஜனவரி 2025, ஞாயிறு

பார்சல் வந்து பத்து நாளாகிறது. இன்றுதான் மூன்று பேராலும் சேர முடிந்தது. எப்போதும் போல திருக்கழுக்குன்றம் மெஸ்தான். தீனதயாளன் செங்கல்பட்டிலிருந்து பைக்கில் வந்தான், தமிழ்ச்செல்வி படூரிலிருந்து பஸ் மாறி வந்தார், நான் புதுப்பட்டினத்திலிருந்து. இலை எடுத்ததும் மேசையை இன்னொரு தடவை துடைக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியைப் பிரித்தோம்.

சர்வர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார் இது, பொம்மையா?"

"கப்பலுக்கு சாமான்" என்றான் தீனா.

அவருக்கு அதை எப்படி விளக்குவது? கப்பல் மாடல் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் கைப்பிடிக் கம்பி நிஜக் கப்பலில் இருந்தால் ஆள் தொடை அளவு இருக்கும். போலந்துப் பெரியவர் ஒருவர் அதையே பித்தளைத் தகட்டில் ரசாயனத்தால் அரித்து, தலைமுடி மாதிரி செய்து விற்கிறார். சின்னச் சின்ன ரெசின் பீரங்கிகளும் செய்கிறார். தனியாக வரவழைத்தால் தபால் செலவிலேயே முழுகிவிடுவோம் என்றுதான் மூவரும் ஒரே பார்சலாக வாங்க ஆரம்பித்தோம். பார்சல் இல்லாவிட்டால் மூவரும் சந்திக்கிற வேலையே இல்லை.

இந்தத் தடவை பில்லை மூன்று பேரும் மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தோம். கப்பல் பெட்டியின் விலையைப் போல இரண்டு மடங்கு, அதன்மேல் ஒட்டுகிற சாமானுக்கு. போன வருஷம் இப்படி இல்லை. தமிழ்ச்செல்வி தன் பங்குத் தகட்டை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

27 ஜனவரி

தமிழ்ச்செல்வி போன் செய்தார். அவர் வேலை பார்க்கும் கல்லூரியில் இடைவேளை போலிருக்கிறது, பின்னால் ஒரே சத்தம்.

"அடுத்த ஆர்டர்ல என்னைச் சேக்காதீங்க ஜோயல். ஒரு செட் ரெயிலிங் விலையில பாப்பாவோட நீச்சல் கிளாஸ் போயிடுது. வீட்ல யாரும் ஒண்ணும் சொல்லல. எனக்கே கூசுது."

"சாமான் வாங்காட்டியும் வரலாமே, சாப்பிட?"

"வர்றேன் வர்றேன்" என்றார். வரமாட்டார். எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்திருக்கும்.

9 பிப்ரவரி

ஐஸ் கம்பெனியில் விசைப்படகுக்காரர்களின் கணக்கை முடித்து வீட்டுக்கு வந்தால் ஏழு மணி. கீழே வீட்டுக்காரர் டிவி. மாடியில் நான். நாசகாரிக் கப்பல் பாதி முடிந்து ஜன்னலோரம் நிற்கிறது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கடலோடு சம்பந்தமில்லை. தாத்தா அடுத்தவன் வயலில் கூலி, அப்பா கட்டட வேலை. எனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்தக் கப்பல் பைத்தியம்? நாற்பத்து நான்கு வயதில் கேட்டு என்ன ஆகப்போகிறது.

பெரியவரின் இணையக் கடையைத் திறந்து பார்த்தேன். மறுபடியும் விலை ஏறியிருக்கிறது. மனசு கேட்காமல் அவருக்கே எழுதிவிட்டேன், ஏன் இப்படி என்று. எரிச்சலில் எழுதியது. அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

13 பிப்ரவரி

பதில் வந்திருக்கிறது. கோபமே இல்லாத பதில். பித்தளைத் தகடு விலை ஏறிவிட்டதாம், தபால் ஏறிவிட்டதாம், கரண்ட் பில் இரட்டிப்பாம். "எனக்குக் கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது. மூல அச்சு செய்ய முன்பு ஒரு வாரம், இப்போது ஒரு மாதம். மருமகள்தான் பொட்டலம் கட்டுகிறாள். கடையில் வேறு ஆள் கிடையாது" என்று எழுதியிருக்கிறார். என் கப்பலின் படம் கேட்டிருக்கிறார்.

நாலு படம் எடுத்து அனுப்பினேன். வேறு யார் கேட்டார்கள்?

2 மார்ச், ஞாயிறு

தீனா வரச்சொல்லியிருந்தான். செங்கல்பட்டில் அவனுக்கு டிவி, மிக்ஸி ரிப்பேர் கடை, மாடியில் வீடு. அவன் மனைவி பார்வதம் காபி வைத்துவிட்டு, "அண்ணே, உங்க சிநேகிதரு வூட்ட பாக்டரி ஆக்கிட்டாரு" என்று சொல்லிப் போனார். சிரித்தபடிதான் சொன்னார்.

உள் அறையில் சிலிக்கோன் அச்சுகள் வரிசையாக. பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பீரங்கிகள், சாம்பல் நிறத்தில், பொடிப்பொடியாக. எல்லாம் பெரியவருடையவை. ஜனவரி பார்சலில் வந்த ஒன்றை வைத்து அச்செடுத்து ரெசின் ஊற்றி, அப்படியே நகல் எடுத்திருக்கிறான்.

"எடுத்துக்க. உன்கிட்ட டப்பு வேணாம்" என்றான்.

நான் ஒன்றை விரலில் எடுத்துப் பார்த்தேன். பெரியவருடைய மூல அச்சில் அடித்தட்டில் ஒரு சின்னக் கீறல் உண்டு. அவர் பீரங்கி எல்லாவற்றிலும் அது இருக்கும். இதிலும் இருந்தது.

"விக்கிறியா?"

"ஆன்லைன்ல போட்டேன். மெட்ராஸ், பெங்களூர், பூனா, எல்லா ஊர்லர்ந்தும் கேக்கறானுங்க. இன்னாடா அப்டி பாக்கற? அந்தாளு கேக்கற விலைக்கு நான் ரெண்டு நாள் கடைல குந்திகினு மிக்ஸி கழட்டணும். ஒரு பீரங்கிக்கு. நம்ம மாதிரி ஆளு இன்னா பண்றது, வேடிக்க பாக்கறதா?"

அவன் சொல்வதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் தட்டில் திருப்பி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் காபியைப் பற்றிப் பேசினோம், வெயிலைப் பற்றிப் பேசினோம்.

3 மார்ச்

எடுத்து வந்திருக்கலாமோ?

21 மார்ச்

பெரியவரிடமிருந்து மெயில். என் கப்பல் அழகாக இருக்கிறது என்று ஆரம்பித்து, முன்கோபுரத்தின் சாய்வு சரியில்லை என்று சொல்லி (சரிதான், எனக்கே தெரியும்), கடைசியில் கேட்கிறார்: "உங்கள் நாட்டிலிருந்து யாரோ என் பீரங்கிகளை நகலெடுத்து விற்கிறார்கள். படத்தில் என் கீறல் தெரிகிறது. உங்களுக்கு இந்த ஆளைத் தெரியுமா?"

தெரியுமா? தெரியாமல் என்ன. அவன் கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருக்கிறேன். அம்மா செத்தப்போ முதல் ஆளா வந்து நின்னவன். தெரியாதுன்னு எழுதிடலாம். அவருக்கு எப்படித் தெரியப்போகுது. ஆனா அவரு இவ்ளோ நம்பிக் கேக்கறாரே...

இரண்டு தடவை எழுதி அழித்தேன். மின்விசிறிக் காற்றில் கப்பலின் கயிறுகள் ஆடுகின்றன. நாளை மறுநாள் தீனாவிடம் நேரில் பேசப் போகிறேன்.

23 மார்ச், ஞாயிறு

பேசினேன். பேசியிருக்க வேண்டாமோ என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்தது.

மெயிலை அவனிடம் காட்டினேன். படித்தான். "நீ இன்னா எழுதப் போற?"

"நிறுத்திட்டன்னு எழுதணும். நீ நிறுத்தினா."

"நிறுத்தலன்னா?"

"தீனா, அந்தாளுக்குக் கை நடுங்குதுடா."

"எனக்கும்தான் கடைல வியாபாரம் நடுங்குது. யாராச்சும் மெயில் போட்டாங்களா எனக்கு?" குரலை உயர்த்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "போ, எழுது. பேர், அட்ரஸ் எல்லாம் எழுது."

பார்வதம் சாப்பிடச் சொன்னார். சாப்பிடாமல் வந்துவிட்டேன். வாசல் வரை அவன் வரவில்லை.

24 மார்ச்

எழுதிவிட்டேன். "அவரை எனக்குத் தெரியும். என் நண்பர். நிறுத்தச் சொன்னேன். பெயரை மட்டும் என்னால் சொல்ல முடியாது. மன்னிக்கவும்." அவ்வளவுதான். அரைகுறை நேர்மை. இரண்டு பக்கமும் கெட்டவனாக நிற்கிறேன்.

3 ஏப்ரல்

மத்தியானம் கம்பெனியில் இருக்கும்போது தீனா போன். லாரியில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. வெளியே வந்தேன்.

"ஆன்லைன்ல என் பக்கத்தயே தூக்கிட்டானுங்க. நீதான?"

"நான் பேர் சொல்லல."

"அவருக்கு எழுதினியா இல்லியா?"

"எழுதினேன். ஆனா..."

"அவ்ளோதான் மச்சான். வெக்கறேன்."

மச்சான் என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தான். அதற்கப்புறம் ஐஸ் எண்ணிக்கையைத் தப்பாக எழுதி முதலாளியிடம் திட்டு வாங்கினேன்.

20 ஏப்ரல், ஈஸ்டர்

காலையில் கோயிலுக்குப் போனேன். வெளியே வந்ததும் ஆளாளுக்குக் கைகொடுத்துவிட்டு அவரவர் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்கள். தங்கை கோவையிலிருந்து பேசினாள், குழந்தைகள் ஒவ்வொருவராக "ஹேப்பி ஈஸ்டர் மாமா" சொன்னார்கள். பேச்சு முடிந்ததும் வீடு முன்னைவிட அமைதியாகிவிட்டது.

மாமல்லபுரம் வரை பஸ்ஸில் போய்த் திரும்பினேன். காரணம் ஒன்றுமில்லை. கூட்டமாக இருக்கும் என்று போனேன், கூட்டமாகத்தான் இருந்தது. ஒரு குடும்பம் போட்டோ எடுக்கச் சொன்னது. எடுத்துக் கொடுத்தேன். இன்று நான் நேரில் நாலு வார்த்தை பேசியது அவர்களிடம்தான்.

கப்பலைத் தொட்டு ஒரு மாதமாகிறது.

18 மே

பெரியவரின் கடைப் பக்கம் திறக்கவில்லை. போலந்து மொழியில் ஒரு வரி மட்டும் இருக்கிறது. மொழிபெயர்த்துப் பார்த்தேன்: "நன்றி. இனி ஆர்டர் எடுப்பதில்லை." என் மார்ச் மெயிலுக்கு அவர் பதிலே போடவில்லை. இனிப் போடவும் மாட்டார்.

மற்ற கடைகளில் அதே மாதிரித் தகடு தேடினேன். விலையைப் பார்த்துவிட்டு மூடினேன்.

8 ஜூன்

கைப்பிடிக் கம்பி இல்லாமல் கப்பல் மொட்டையாக நிற்கிறது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை, தூக்கிப் பரணில் வைக்கவும் மனசில்லை. நாமே அரித்தால் என்ன? சர்க்யூட் போர்டு செய்கிற மாதிரிதானே. கம்பியின் படத்தைக் கணினியில் வரைந்தேன், ஜெராக்ஸ் கடையில் பளபளப்புத் தாளில் பிரிண்ட் எடுத்தேன். அதை இஸ்திரி போட்டுப் பித்தளையில் ஒட்ட வேண்டும். பித்தளைத் தகடு ஹார்டுவேர் கடையில் கிடைத்துவிட்டது. அரிக்கிற பவுடர் மட்டும் கல்பாக்கம் பக்கம் எங்கும் இல்லை.

பாலிடெக்னிக் பையன்கள் அதை எங்கே வாங்குவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தீனாவின் கடையில்தான்.

14 ஜூன், சனி

போனேன். கல்லாவில் பார்வதம் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இன்னாண்ணா, வழி மறந்துட்டீங்களா? அவரு ஞாயித்துக்கெழம ஆனா சும்மா குந்திகினு கீறாரு. அந்த அச்செல்லாம் கத்திரிக்கோல் போட்டு வெட்டிட்டாரு, தெரியுமா?"

எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்?

தீனா உள்ளே இருந்து வந்தான், கையில் திருப்புளி. என்ன வேண்டும் என்று கேட்டான், கஸ்டமரிடம் கேட்கிற மாதிரி. பவுடர் என்றேன்.

"எதுக்கு?"

"ரெயிலிங் பண்ண."

அலமாரியிலிருந்து எடுத்தான். கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தான். "அந்தாளு எனக்கே எழுதினாரு, ஏப்ரல்ல. 'உன் விளம்பரத்துல இருக்கற போன் நம்பர வெச்சே புகார் குடுத்தேன், யாரும் உன்னக் காட்டிக் குடுக்கல'ன்னு. நான் கேக்கக்கூட இல்ல, அவரே எழுதியிருந்தாரு."

"அப்புறம் ஏன்டா போன் பண்ணல?"

"வாய் வரல." திருப்புளியை மேசையில் வைத்தான். "கடைய மூடிட்டாராமே. என்னாலயா?"

"கை நடுக்கம்னு பிப்ரவரியிலயே எழுதியிருந்தாரு."

"என்னாலயும் கொஞ்சம் இருக்கும்" என்றான். நான் இல்லை என்று சொல்லவில்லை.

பவுடரைப் பொட்டலம் கட்டினான். "இரும்பு ஏனத்துல ஊத்தாத, பிளாஸ்டிக் தட்டு எடுத்துக்க. பின்பக்கம் டேப் ஒட்டு. கையில பட்டா மஞ்சக் கற போகாது" என்றான். அதோடு ஒரு ஜோடி கையுறையையும் போட்டுக் கொடுத்தான்.

29 ஜூன், ஞாயிறு

காலையில் வாசலில் பைக் சத்தம். தீனா. பஞ்சாயத்துப் பேசுகிற முகத்தோடு மாடி ஏறி வந்து, "தகட்ட காட்டு" என்றான்.

போன வாரம் நான் தனியாகச் செய்ததைக் காட்டினேன். ஜாஸ்தி நேரம் ஊறவிட்டு, பாதிக் கம்பி கரைந்தே போயிருந்தது.

"இதுக்குத்தான் சொன்னேன்."

"நீ நேரத்தப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"சொல்லலியா? சரி."

இரண்டு பேருமாக மறுபடி செய்தோம். அவன் தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தான், நான் தண்ணீர் மாற்றினேன். வெளியே எடுத்தபோது கம்பி கம்பியாக நின்றது. பெரியவருடையது அளவுக்கு மெலிசு இல்லை, ஓரிடத்தில் கோணல்கூட. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கோணலைத்தான் பார்த்தோம்.

படம் எடுத்து தமிழ்ச்செல்விக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று காட்டியது. பதில் இல்லை.

தீனா சாயங்காலம் வரை இருந்தான்.

11 ஜூலை

கம்பெனியில் ஆள் குறைவு, இடுப்பு ஒடிகிற வேலை. எழுதத் தெம்பில்லை. நாளை மறுநாள் தீனாவும் பார்வதமும் வருகிறார்கள். விடிகாலையில் கரைக்குப் போனால்தான் நல்ல சங்கரா மீன் கிடைக்கும். குழம்பு வைக்கப் பெரிய பாத்திரம் வேண்டும். வீட்டில் இருப்பதெல்லாம் ஒரு ஆளுக்கானவை.